48 வோல்ட் மிஷினும் ஒரு பிளக் பாயின்ட்டும்

போன வாரம் மாடக்குளம் கண்மாய்க்கரையில மாட்டை மேய விட்டுட்டு உக்காந்திருந்தேன். பழங்காநத்தத்துல இருந்து அக்கா மகன் போன் போட்டான். குரலே சரியில்ல.

"மாமா, மிஷின் போச்சு. பாதி வேலையில நின்னுருச்சு. வீட்டுக்காரரு வேற ஆளைப் பார்த்துக்கிறேன்னு அனுப்பிட்டாரு."

அவனுக்கு 22 வயசு. ரெண்டு வருசம் ஒரு தச்சு மேஸ்திரிகிட்ட கையாளா இருந்துட்டு, ஆறு மாசமா தனியா வேலை பிடிக்கிறான். கதவுக்குப் பூட்டு மாத்துறது, அலமாரி அடிக்கிறது, கிச்சன் கதவுக்குக் கீல் போடுறது, திரைச்சீலை கம்பி மாட்டுறது. எங்க குடும்பத்துல யாரும் தச்சு வேலை பார்த்ததில்ல. இவன்தான் முதல் ஆள்.

செத்துப்போன மிஷின் பேட்டரி மிஷின். ட்ரில், கிரைண்டர், போல்ட்டு முடுக்குறது மூணும் ஒரே பெட்டியில. செல்போன்ல விளம்பரம் பார்த்து, தண்டல்ல பணம் வாங்கி, 7,500 ரூபாய்க்கு வாங்கியிருக்கான். நாலு மாசம்கூட ஓடல. தண்டல்காரருக்கு இன்னும் கட்டிக்கிட்டு இருக்கான்.

"ஏன்டா, வயர் மிஷினே போதும்னு சொன்னேன்ல?"

"இல்ல மாமா, ஒரு பிளாட்டுல வேலைக்குப் போனேன். எங்க வீட்டு கரண்ட்ல மிஷின் ஓட்டக்கூடாது, பில்லு ஏறும், பேட்டரி மிஷின் இருந்தா வான்னாங்க. இன்னொரு வீட்டுல, என்னப்பா வயரை இழுத்துக்கிட்டுத் திரியிறே, வீடியோல எல்லாரும் பேட்டரிதானே வச்சிருக்காங்கன்னு சிரிச்சாங்க."

இதைக் கேட்டதுல இருந்து எனக்கு மனசு ஆறல. அதான் எழுதுறேன். டவுன்ல இருந்து இதைப் படிக்கிற உங்களுக்குத்தான் எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க.

முதல்ல அந்த மிஷின் கதை. பேட்டரி மேல பெருசா '48 வி.எஃப்'னு போட்டிருந்துச்சு. மோட்டார் காயில் கட்டுற தம்பி ஒருத்தர்கிட்ட கொண்டு போனோம். திருகாணியைக் கழட்டித் திறந்து காட்டினாரு. உள்ளே அஞ்சே அஞ்சு செல்லு. விரல் கணக்கா, 18 மில்லி தடிமன், 65 மில்லி நீளம். ஒரு செல்லு 3.6 வோல்ட். அஞ்சை வரிசையா கோத்தா 18 வோல்ட். முழுசா சார்ஜ் ஏறினா ஒரு செல்லு 4.2, அப்ப 21. அதுக்கு மேல ஒரு வோல்ட் கிடையாது. அப்ப 48? அது வோல்ட்டே இல்லையாம். 'வி' பக்கத்துல ஒரு 'எஃப்' ஒட்ட வச்சிருக்கான் பாருங்க, யாராவது கேட்டா அது வேற கணக்குன்னு தப்பிச்சுக்க. 88, 98னு எல்லாம் போட்டு விக்கிறாங்க. எல்லாம் அதே அஞ்சு செல்லுதான்.

நல்ல கம்பெனியும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்றான். 12 வோல்ட்னு வர்றதுல மூணு செல்லு, கணக்குப்படி 10.8. அமெரிக்காவுல 20 வோல்ட்னு விக்கிறது மத்த ஊர்ல 18. ஆனா அது முழு சார்ஜ்ல வர்ற எண். 48 அப்படி இல்ல, பச்சைப் பொய்.

சந்தையில மாடு வாங்கப் போறவன் கொம்புல பூசுன வர்ணத்தைப் பார்த்து வாங்க மாட்டான். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான், நடக்க விட்டுப் பார்ப்பான். பேட்டரிக்கும் பல்லு உண்டு. வோல்ட்டை ஆம்பியர் அவரால பெருக்கணும். 18 வோல்ட், 2 ஆம்பியர் அவர்னா 36 வாட் அவர். அதுதான் உள்ளே இருக்கிற தீவனம்.

இப்ப கணக்குப் போடுங்க. வயர்ல ஓடுற சாதாரண ட்ரில் 600 வாட். அந்த அளவு வேலையை 36 வாட் அவர் பேட்டரிகிட்ட முழுசா வாங்கினா எத்தனை நிமிசம் தாங்கும்? நாலு நிமிசம்கூட இல்ல. 1,200 வாட் கட்டிங் மிஷின் பண்ற வேலைன்னா ரெண்டு நிமிசம்கூடத் தாங்காது. ப்ளைவுட்ல ஒரு ஷீட் அறுத்து முடிக்கிறதுக்குள்ள கை சுடும். அப்புறம் சூடான பேட்டரியை உடனே சார்ஜ்ல போடுவான், அது இன்னும் சீக்கிரம் சாகும். மதுரை வெயில்ல பைக் பெட்டிக்குள்ள வச்சிருந்தா சொல்லவே வேணாம்.

பேட்டரி விசயத்துல நானும் பட்டவன்தான். மருந்தடிக்க பேட்டரி ஸ்பிரேயர் வாங்கி, ஒரு போகம் முடிஞ்சு நாலு மாசம் சார்ஜ் போடாம மூலையில வச்சுட்டேன். அடுத்த போகத்துக்கு எடுத்தா பேட்டரி செத்துக் கிடக்கு. எனக்குப் பழைய கைத்தெளிப்பான் இருந்துச்சு, சமாளிச்சேன். தண்டல்ல வாங்கின புள்ளைக்கு என்ன இருக்கு?

அதனால, புதுசா தொழில் ஆரம்பிக்கிற எந்தப் பையன் கேட்டாலும் நான் சொல்றது இதுதான். உக்கி எடுக்கிற வேலைக்கு வயர். அறுக்கிறது, தேய்க்கிறது, இழைக்கிறது, சுவத்துல ஓட்டை போடுறது, எல்லாம் வயர். கார்பன் தேஞ்சா அம்பது நூறுல மாத்திட்டு வருசக்கணக்கா ஓட்டலாம். ஏணி மேல நின்னு, அலமாரிக்குள்ள தலையை விட்டு ஸ்க்ரூ முடுக்குறதுக்கு மட்டும் பேட்டரி. அதுக்கு 12 வோல்ட் போதும். 3,000 ரூபாய் சுத்தி ஒரு வயர் ட்ரில். அதுல சம்பாதிச்சு கட்டிங் மிஷின். அதுல சம்பாதிச்சு 6,000 ரூபாய் சுத்தி ரெண்டு பேட்டரியோட ஒரு 12 வோல்ட். மூணையும் ஒரே நாள்ல வாங்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

பேட்டரி மிஷின் வாங்குறப்ப மிஷினைப் பார்க்காத, பேட்டரியைப் பாரு. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனியில ஏறாது. பாஷ் கம்பெனியிலயே பச்சை மிஷினோட 18 வோல்ட் பேட்டரி நீலத்துல ஏறாது. இன்னைக்கு எந்தப் பேட்டரி வாங்குறியோ, அந்தக் குடும்பத்துக்கே வாக்கப்பட்டாச்சு. அப்புறம் பேட்டரி இல்லாம வெறும் மிஷினா வாங்கிச் சேர்த்துக்கிட்டே போகலாம். அதனால தனிப் பேட்டரி நம்ம ஊர்க் கடையில கிடைக்குமா, சர்வீஸ் இருக்கான்னு கேட்டுட்டு அப்புறம் காசை எடு.

'அரசாங்கம் உதவுமே'ன்னு கேப்பீங்க. ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17-ல விஸ்வகர்மா திட்டம் கொண்டு வந்துச்சு. தச்சு வேலையும் சேத்து 18 தொழில். கருவி வாங்க 15,000 ரூபாய்க்கு வவுச்சர். குடும்பத் தொழிலா இருக்கணும்னு அதுல இருந்துச்சு. அப்பன் தொழிலைத்தான் மகன் செய்யணுமான்னு கேட்டு, இந்த வடிவத்துல செயல்படுத்த மாட்டோம்னு 2024 நவம்பர்ல தமிழ்நாடு முதல்வர் கடிதம் எழுதினாரு. நியாயமான கேள்விதான். எங்க புள்ளையே அப்பன் தொழிலை விட்டு வந்தவன்தானே. அதுக்குப் பதிலா 2025 ஏப்ரல்ல கலைஞர் கைவினைத் திட்டம் வந்துச்சு. 3 லட்சம் வரைக்கும் கடன், அதுல 25 சதவீதம், 50,000 ரூபாய் வரைக்கும் மானியம். நல்ல திட்டம். ஆனா 35 வயசு ஆகியிருக்கணும். 22 வயசுக்காரன் இன்னும் 13 வருசம் எதை வச்சு ஓட்டை போடுவான்? பல்லாலயா?

சரி, அரசாங்கத்தை விடுங்க. உங்ககிட்ட வர்றேன்.

600 வாட் ட்ரில் ஒரு மணி நேரம் நிக்காம ஓடினா 0.6 யூனிட். எவனும் ஒரு மணி நேரம் நிக்காம ட்ரில் போட மாட்டான். போட்டாலும், உங்க வீட்டுல எவ்வளவு கூடுன யூனிட் விலை வந்தாலும் பத்து ரூபாய் வராது. ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் உங்களுக்கும் இலவசம்தான். அந்தப் பத்து ரூபாயை மிச்சம் பிடிக்க, ஒரு சின்னப் பையனை 7,500 ரூபாய் கடன்ல தள்ளிட்டோம்.

'உனக்கென்னய்யா, விவசாயிக்கு இலவச கரண்ட்'னு சொல்வீங்க. அது கிணத்து மோட்டாருக்கு. வீட்டுக்கு எங்களுக்கும் மீட்டர்தான் ஓடுது. ஆனா எங்க வீட்டுக்கு வேலைக்கு வந்தவருக்கு முதல்ல ஒரு சொம்பு தண்ணி, அப்புறம் 'எந்த பிளக்குல மாட்டணும் தம்பி'ன்னு கேப்போம். இதுல பெருமை ஒண்ணும் இல்ல, அப்படித்தான் வளர்த்தாங்க.

பையன் கையில வயர் மிஷின் இருந்தா அவன் தொழில் தெரியாதவன்னு நினைக்காதீங்க. காசைக் கணக்குப் பார்த்து வாங்கினவன்னு நினைங்க. கீல் நேரா இருக்கா, கதவு உரசாம மூடுதான்னு பாருங்க. அதுதான் வேலை. மிஷினோட கலரு வேலை இல்ல.

தெரிஞ்ச பையனுக்கு உதவி பண்ணணும்னு தோணுச்சுன்னா, தள்ளுபடியில வர்ற நூத்தியெட்டு சாமான் பெட்டியை வாங்கிக் கொடுக்காதீங்க. அவன் ஏற்கனவே வச்சிருக்கிற மிஷினுக்கு ஒரு நல்ல பேட்டரி வாங்கிக் கொடுங்க. இல்ல, சொன்ன கூலியைப் பேரம் பேசாம அன்னைக்கே கொடுங்க.

ரெண்டு ஆட்டுக்குட்டியை வித்தேன். தண்டலை முடிச்சு விட்டுட்டு, மிச்சத்துக்கு அவனுக்கு ஒரு வயர் ட்ரில்லும் 15 மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வாங்கினோம். 48 வோல்ட் டப்பா எங்க மாட்டுக் கொட்டகைப் பரண்ல கிடக்கு.

நாளைக்கு உங்க வீட்டு மணியை அடிச்சு, "அண்ணே, பிளக் பாயின்ட் எங்க இருக்கு?"ன்னு ஒரு பையன் கேட்டா, அது எங்க அக்கா மகனா இருக்கலாம். கையைக் காட்டுங்க, போதும்.