இறக்கைக்கு அடியில் என்ன நிறம்?

சுங்கவரி அட்டவணையில் 9503 என்றொரு தலைப்பு இருக்கிறது. மூன்று சக்கர சைக்கிள், பொம்மை, பொம்மையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டி, புதிர் விளையாட்டு என்று குழந்தைகளின் உலகமே அதற்குள் அடக்கம். அதே பட்டியலில் 'அளவு குறைத்த மாதிரிகள்' என்பதும் உண்டு. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் பிளாஸ்டிக் விமான உதிரிபாகத் தொகுப்பு, ஆர்வலர்கள் 'கிட்' என்று சொல்வது, இந்த வரிசையில்தான் நிற்கிறது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. கிட்டும் கூடவே ஏறியது. வரிச்சுமை ஒருபுறம் இருக்கட்டும், என் வழக்கு வகைப்பாட்டைப் பற்றியது. இது நம் அதிகாரிகள் தனியாக யோசித்து எழுதியதும் அல்ல. உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் பட்டியல். முப்பது வயது மகன் மேசையில் குனிந்து விமானத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தால் வீட்டில் என்ன சொல்வார்களோ, அதைத்தான் அட்டவணையும் சொல்கிறது: பொம்மை. அது தவறான பெயர் என்பது என் கட்சி. மாதிரி விமானத்துக்கு ஒழுங்காக வண்ணம் பூசுகிறவர் சான்றுகளை எடைபோடப் பழகுகிறார். நம் பள்ளிகள் கற்றுத்தரத் தவறும் திறமைகளில் அதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

வேலை இரண்டு பாகமாக நடக்கிறது. முதலில் பாலிஸ்டைரீன் துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்துப் பிசிறு நீக்கி ஒட்ட வேண்டும். இதற்கான பசை உண்மையில் ஒட்டுவதில்லை; இரண்டு விளிம்புகளையும் லேசாக இளக்கி ஒன்றோடொன்று கலக்கவிடுகிறது. இடைவெளி தெரிந்தால் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும். விமானி அறையின் உட்புறத்துக்கு மட்டும் முதலிலேயே வண்ணம் பூசிவிட வேண்டும், உடலின் இரண்டு பாதிகளையும் மூடிய பிறகு உள்ளே தூரிகை போகாது. இதுவரை விளக்கத்தாள் சொன்னபடி நடந்தால் போதும். சிக்கல் வெளிப்புற வண்ணத்தில் தொடங்குகிறது. மிகப் பரவலான அளவு 1/72. ஆறடி மனிதர் அதில் ஓர் அங்குல உயரம் இருப்பார். அந்த அளவில் உலோகத் தகடுகள் சேரும் கோட்டை 0.3 மில்லிமீட்டர் அகலத்தில் பொறித்தால், அசல் விமானத்தில் அது இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பிளவு. அப்படி ஒரு விமானம் பறக்காது. ஆனாலும் கோடு இல்லையென்றால் கண் அதை விமானமாக ஏற்காது. எந்தப் பொய்யை எந்த அளவு அனுமதிப்பது என்ற கேள்வி, முதல் சொட்டு வண்ணம் விழுவதற்கு முன்பே வந்துவிடுகிறது.

நமக்குத் தொடர்புள்ள ஓர் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் ராயல் விமானப்படையில் 264ஆம் ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்காகச் சென்னை மாகாணத்தில் திரட்டிக் கொடுத்த நிதியின் நினைவு அது. கொடுத்தவர்கள் எல்லாரும் மனமுவந்து கொடுத்தார்களா என்பது தனிக்கதை. அந்த ஸ்குவாட்ரன் 1940இல் ஓட்டியது போல்டன் பால் டிஃபையன்ட் என்ற விசித்திரமான சண்டை விமானம். முன்னோக்கிச் சுட ஒரு துப்பாக்கிகூட அதில் கிடையாது. விமானியின் முதுகுக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு துப்பாக்கிகள். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 2015இல் புதிதாக வெளியிட்ட 1/72 டிஃபையன்ட் கிட்டில் 264ஆம் ஸ்குவாட்ரனின் 'பி.எஸ்' அடையாள எழுத்துகள் உண்டு. ஒட்டி முடித்தால் இறக்கையின் நீளம் பதினாறரை சென்டிமீட்டர் வரும். மேலே கரும்பச்சையும் மண்பழுப்பும். அதில் தகராறு இல்லை. கவிழ்த்துப் பிடித்தால்தான் கேள்வி. அடியில் என்ன நிறம்? 1940 மே மாத இறுதியில் டன்கர்க் கடற்கரைக்கு மேல் பறந்த விமானம் என்றால், ஓர் இறக்கையின் அடிப்புறம் கறுப்பு, மற்றது வெள்ளை. தரையிலிருந்து பார்க்கும் சொந்தப் படையினர் தம் விமானத்தையே சுட்டுவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஜூன் மாதத் தொடக்கத்தில் உத்தரவு மாறியது. அடிப்புறம் முழுக்க 'ஸ்கை' என்ற வெளிர்பச்சை ஆக வேண்டும். புதிய வண்ணம் எல்லாத் தளங்களுக்கும் உடனே போய்ச் சேரவில்லை, கையில் கிடைத்ததைக் கலந்து அடித்த இடங்களும் உண்டு. ஆகஸ்ட் இறுதியில், ஸ்குவாட்ரன் தலைவரையே பறிகொடுத்த பிறகு, டிஃபையன்ட் பகல் சண்டையிலிருந்து விலக்கப்பட்டு இரவுக் காவலுக்குப் போனது. அப்போது உடல் முழுக்கக் கறுப்பு. ஒரே ஆண்டு, ஒரே ஸ்குவாட்ரன், ஒரே வகை விமானம், மூன்று வேடம். வண்ணம் பூசுகிறவர் தேதியைத் தீர்மானிக்காமல் டப்பாவைத் திறக்கவே முடியாது.

தீர்மானிக்க எதை நம்புவது? புகைப்படம் என்று உடனே சொல்லத் தோன்றும். அக்காலக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் ஒரு வகை சிவப்பை உணராது. அதில் சிவப்பு மட்டுமின்றி மஞ்சளும் இருண்டுபோய்த் தெரியும், நீலம் வெளிறிப்போகும். வட்ட அடையாளத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் வளையம் அதில் ஏறக்குறைய கறுப்பு. சுருளின் வகை தெரியாதவருக்குப் படம் பொய்ச்சாட்சி. அருங்காட்சியகம் என்றால், ஆயிரத்துக்கும் மேல் கட்டிய டிஃபையன்ட்களில் முழுசாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. பிரிட்டனில் இருக்கும் அது போலந்து வீரர்களின் ஸ்குவாட்ரனில் இரவுக் காவலுக்குப் போனது, ஆகவே கறுப்பு. நம் கேள்விக்கு உதவாது. எழுத்து ஆவணங்களுக்கும் இதே கதிதான். மே 29 அன்று ஒரே நாளில் 37 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாக 264 கணக்குக் கொடுத்தது; போருக்குப் பின் எதிரித் தரப்பு ஏடுகளோடு வைத்துப் பார்த்தபோது எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஜப்பானின் ஜீரோ விமானம் பல ஆண்டுகள் வெளிர்சாம்பல் நிறத்திலேயே படங்களிலும் மாதிரிகளிலும் வந்துகொண்டிருந்தது. மிஞ்சிய தகட்டுத் துண்டுகளை ஆராய்ந்தவர்கள், வெயிலில் சுண்ணாம்பாய் வெளுத்த மேற்பரப்புக்குக் கீழே ஆலிவ் கலந்த சாம்பலைப் பார்த்தார்கள். அந்த விவாதத்தை விடாமல் நடத்தியவர்களில் மாதிரி செய்கிறவர்களும் உண்டு. நம்மிடம் இதற்கு ஒரு பழைய பெயர் இருக்கிறது: பாடபேதம். நான்கு ஏடுகள் நான்கு விதமாகச் சொன்னால் எதை மூலத்தில் வைப்பது, எதை அடிக்குறிப்பில் தள்ளுவது என்று உ.வே.சா. முடிவெடுத்த இடமும் டிஃபையன்டின் இறக்கையடியும் தன்மையில் ஒன்றுதான். மாதிரி விமானத்தில் அடிக்குறிப்புப் போட இடமில்லை, அது ஒன்றே வித்தியாசம். ஏதாவது ஒரு நிறத்தைப் பூசித்தான் ஆக வேண்டும்.

இந்தப் பொழுதுபோக்கின் வரலாறும் பொம்மை என்ற பெயரோடு பொருந்தவில்லை. பெர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு, 1942இல், அமெரிக்கக் கடற்படை தன் நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர விமானங்கள் செய்து தரக் கேட்டது. அளவு 1/72, நிறம் கறுப்பு. வானத்தில் புள்ளியாய்த் தெரிவது நண்பனா எதிரியா என்று வடிவத்தை வைத்தே சொல்ல வீரர்களைப் பழக்குவதற்காக. 35 அடி தூரத்தில் பிடித்த மாதிரி, அரை மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் வரும் அசல் விமானத்தின் அளவில் கண்ணுக்குத் தெரியும். இறக்கை ஒரு மயிரிழை தடித்துவிட்டாலும் பயிற்சி வீண். போருக்குப் பின் அதே கண்டிப்பு வாடிக்கையாளர்களிடம் வந்தது. ஏர்ஃபிக்ஸ் 1953இல் முதல் ஸ்பிட்ஃபயர் கிட்டைக் கொண்டுவந்தபோது அதன் வடிவப் பிழைகளை வாங்கியவர்கள் குத்திக்காட்டினார்கள். பிறகு வேறு அச்சு வந்தது. மலிவு விலைப் பையில் அடைத்து விற்ற சரக்கு அது. விலையைக் காரணம் காட்டி யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

எதிர்வாதங்களில் கனமானது போரைப் பற்றியது. கடையில் இருக்கும் விமான கிட்களில் பெரும்பகுதி கொல்வதற்காகவே கட்டியவற்றின் மாதிரிகள். அவற்றை அழகாக்கி அலமாரியில் வைப்பது வன்முறைக்குச் செய்யும் அலங்காரம் இல்லையா? ஓரளவுக்கு ஆம். அட்டைப்பெட்டி ஓவியங்களில் எரிகிற விமானம் எப்போதும் எதிரியுடையதாகவே இருப்பதைப் பார்க்கும்போது இந்தக் குற்றச்சாட்டை முழுதாகத் தள்ள முடியவில்லை. ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களுக்குச் சட்டத் தடை இருப்பதால் பல நிறுவனங்கள் வால் பகுதி ஸ்வஸ்திகாவை அச்சிடுவதில்லை, அல்லது இரண்டு துண்டாக்கிக் கொடுக்கின்றன. நம் வாசற்படியில் மங்களமாக இருக்கும் குறி அங்கே கொலைக்கறை படிந்தது என்பதை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ள, அந்தக் காலியிடத்தைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் கிடைப்பது அரிது. போர் விமானத்தை ஒளித்துவைத்தால் போர் மறைந்துவிடாது. முன்னால் சுட வழியில்லாத டிஃபையன்டில் இளைஞர்களை ஏற்றி அனுப்பியது யார் என்ற கேள்வி, அந்தக் கூண்டை ஒட்டும்போது தானாக எழும். வீடியோ விளையாட்டில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. ஆனால் பெட்டியோடு ஒரு பெரியவர் அல்லது ஒரு புத்தகம் சேர்ந்து வர வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தனியாக விட்டால் வெறும் வீரக்கதைதான் மிஞ்சும்.

யாரோ வார்த்த துண்டுகளை ஒட்டுவதில் என்ன படைப்பு என்பார்கள் சிலர். படைப்பு என்று நான் சொல்லவே இல்லை. பதிப்பாசிரியர் சீவக சிந்தாமணியை எழுதவில்லை. முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டதே என்பதற்கும் பதில் சுருக்கம்தான்: இயந்திரம் வடிவத்தைக் கொடுக்கும், அடிப்புறத்தின் நிறத்தைச் சொல்லாது. செலவு பற்றிய ஆட்சேபம் நியாயமானது. கிட், வண்ணம், தூரிகை, ஏர்பிரஷ், அதற்குக் காற்றழுத்தும் கம்ப்ரஸர் என்று அடுக்கினால் நடுத்தரக் குடும்பமே தயங்கும். தனி நபருக்குக் கட்டுப்படியாகாதது பள்ளிக்கு ஆகும். 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் தேர்வான பள்ளி ஒன்றுக்கு மத்திய அரசு 20 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கியது. அந்த அறைகளில் சென்சார்களுக்கும் முப்பரிமாண அச்சுக்கும் பக்கத்தில் நான்கு மாணவருக்கு ஒரு கிட், கைத்தூரிகை, ஒரு ஜன்னல் போதும். ஜன்னலை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பசையின் ஆவி மூடிய அறையில் உடம்புக்கு ஆகாது.

கடைசியாக, வரி உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்கிறதே என்பது. சன்னபட்னா மரப்பொம்மையையும் தஞ்சாவூர்த் தலையாட்டியையும் காக்க வேண்டியதுதான். டிஃபையன்ட் கிட் எட்டாத விலைக்குப் போனால் அதை வாங்க வந்தவர் தலையாட்டிப் பொம்மையோடு வீடு திரும்பப் போவதில்லை. காக்கத் தகுந்த ஓர் உள்நாட்டுக் கிட் தொழில் வேண்டும் என்றால், பொருத்தமான முதல் விமானம் கைவசம் இருக்கிறது: இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் எச்.எஃப்-24 மாருத். ஜெர்மானியர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் வடிவமைத்து, 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்து, 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் களம் கண்டது. மொத்தம் கட்டியது 147. ஆனால் அச்சு வெட்டுவதற்கு முன் யாராவது உட்கார்ந்து, 1971 டிசம்பரில் எந்தத் தளத்தில் எந்த மாருத் என்ன வண்ணத்தில் நின்றது என்று தேட வேண்டியிருக்கும். இன்று காட்சிக்கு நிற்பவற்றைப் பார்த்து எழுதிவிட முடியாது. திறந்தவெளியில் வெயிலும் மழையும் வாங்கும் விமானங்களுக்குப் பராமரிப்பு என்றால் மறுபடி வண்ணம் அடிப்பதுதான். அடிக்கிறவர் கையில் இருக்கும் டப்பாவே அன்றைய வரலாறு. எங்காவது ஒரு மூடியைக் கழற்றினால், அதன் உள்விளிம்பில் பழைய பூச்சு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும்.