கனவு அணிக்கு எத்தனை மார்க்?

பேஸ்பால் ரசிகர்களுக்கு அலுக்காத பொழுதுபோக்கு ஒன்று உண்டு. இருப்பவர், இறந்தவர் என்று பார்க்காமல், நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாற்றிலிருந்து ஆட்களைப் பொறுக்கி ஒரு கனவு அணி அமைப்பது. அப்புறம் அதை வைத்து விடிய விடியச் சண்டை போடுவது :-)

ஒரு ரசிகர் இப்படி ஓர் அணி அமைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

கேட்ச்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) யோகி பெரா. முதல் பேஸ் லூ கெரிக், இரண்டாவது பேஸ் ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி, மூன்றாவது பேஸ் மைக் ஷ்மிட், ஷார்ட்ஸ்டாப் ஹோனஸ் வாக்னர். அவுட்ஃபீல்டில் டெட் வில்லியம்ஸ், வில்லி மேஸ், பேப் ரூத். பந்து வீச சை யங், வால்டர் ஜான்சன், சாண்டி கோஃபாக்ஸ். கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துக்கொடுக்க மரியானோ ரிவேரா.

பார்த்தவுடன் மலைப்புத்தான் வரும். ரூத் 714 ஹோம் ரன். மேஸ் 660. கெரிக் ஓய்வே எடுக்காமல் தொடர்ந்து 2130 ஆட்டங்கள். ரிவேராவுக்கு 652 சேவ். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இருக்கிறது.

முதலில் சை யங். 511 வெற்றி என்ற ஒரே எண்ணுக்காகத்தான் அவர் பெரும்பாலும் அணிக்குள் வருகிறார். ஆனால் அவர் ஆடியது 1890 முதல் 1911 வரை. அந்தக் காலத்தில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரே கடைசிவரை வீசுவார். யங் அப்படி முழுதாக வீசி முடித்த ஆட்டங்கள் மட்டும் 749! இன்று ஒரு பிட்சர் முழு ஆட்டமும் வீசினாலே அது செய்தி. ஆக, 511-இல் பாதி அவருடைய திறமை என்றால் மீதி அவருடைய காலம்.

பெட்ரோ மார்ட்டினெஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டு 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.74 ரன்தான் கொடுத்தார். அதே வருடம் அவர் ஆடிய அமெரிக்கன் லீகின் சராசரி கிட்டத்தட்ட 5 ரன். கூட ஆடியவர்களைவிட எவ்வளவு உயரத்தில் நின்றார் என்று பார்த்தால், யங்கின் இடம் பெட்ரோவுக்குத்தான்.

இது சின்னக் குறை. பெரிய குறை வேறு.

இந்த 12 பேரில் கெரிக், ஹார்ன்ஸ்பி, வாக்னர், ரூத், யங், ஜான்சன் ஆகிய 6 பேர் ஆடி முடித்தது 1947-க்கு முன்னால். அதாவது, கறுப்பின வீரர்களுக்குக் கதவு சாத்தியிருந்த காலத்தில். 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் களமிறங்கிய பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அதுவரை கறுப்பின வீரர்கள் ஆடியது நீக்ரோ லீக் என்ற தனி லீகுகளில்.

அங்கே ஆடிய கேட்ச்சர் ஜோஷ் கிப்சன். கதவு திறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். மேஜர் லீக் அந்த லீகுகளின் கணக்கைத் தன் ஏட்டில் சேர்த்தது 2024 மே மாதம்தான். சேர்த்ததும் என்ன ஆயிற்று? வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப்பின் 0.367-ஐத் தாண்டி, கிப்சன் 0.372 உடன் முதலிடத்துக்கு வந்துவிட்டார். அதாவது, ஆயிரம் முறை அடிக்க நின்றால் 372 ஹிட்.

"அந்த லீகில் ஆட்டங்கள் குறைவு, எதிரணிகள் எல்லாம் ஒரே தரமில்லை" என்று சிலர் சொல்வார்கள். ஆட்டங்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் ரூத்தும் லீக் ஆட்டங்களில் ஒரு கறுப்பினப் பிட்சரைக்கூடச் சந்திக்கவில்லையே? சாட்செல் பேஜ் மேஜர் லீகுக்குள் நுழைந்தபோது வயது 42. அவர் உச்சத்தில் இருந்தபோது வீசிய பந்துகளை ரூத் லீகில் எதிர்கொண்டிருந்தால் அந்த 714 என்னவாகியிருக்கும்? யாருக்கும் தெரியாது. சந்தேகம் என்று வந்துவிட்டால் அது இரண்டு பக்கமும் வரவேண்டும். கிப்சனுக்கு மட்டும் தனித் தராசு எதற்கு?

ஆகவே, அணிக்கு 10-க்கு 7 மார்க். பெராவுக்குப் பதில் கிப்சன், யங்குக்குப் பதில் பெட்ரோ என்று மாற்றினால் 9. அந்த ஒரு மார்க்? பேஜுக்கு இடம் கண்டுபிடித்தால் அதையும் தரலாம்.

இதில் புதிதாக ஒன்றுமில்லை. 1966-இல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்ட அன்று, இதே அணியில் இருக்கும் டெட் வில்லியம்ஸ் தன் பேச்சில், பேஜுக்கும் கிப்சனுக்கும் அங்கே இடம் வேண்டும் என்றும், வாய்ப்புத் தரப்படாததால்தான் அவர்கள் அங்கே இல்லை என்றும் மேடையிலேயே சொன்னார். 1971-இல் பேஜும், 1972-இல் கிப்சனும் உள்ளே வந்தார்கள்.

கனவில் அணி அமைக்கும்போதாவது அந்தக் கதவை நாமும் சேர்ந்து சாத்த வேண்டாமே!