நாலு வயதுவரை பொறுக்கச் சொல்லும் பெரியவர்களுக்கு

இந்த வாரம் சண்டைக்குத்தான் எழுதுகிறேன். சண்டை என்னைப் போன்ற கிழடுகளோடு. என்னையும் சேர்த்துத்தான்.

என் மகள் வயிற்றுப் பேரன் இரண்டு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். காலித் தீப்பெட்டிகளை வாசல் நெடுக வரிசையாக வைப்பான். ஒன்றை நகர்த்திவிட்டால் தெருவே கேட்க அழுவான். (திருவேங்கடத்தில் காலித் தீப்பெட்டிக்கா பஞ்சம்!) மகள் பயந்துபோய்க் கேட்டாள். "உன் மாமாவும் நாலு வயசுலதான் பேசுனான். பயலுக்கும் வந்துரும், விடும்மா" என்றேன். சங்கரன்கோவில் புற்றுமண் பூசினோம். பூசியதில் வருத்தமில்லை. பூசிவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்ததுதான் நெஞ்சை அறுக்கிறது.

பிறகுதான் ஆட்டிசம் என்றார்கள். 'மதியிறுக்கம்' என்று தமிழில் எழுதுகிறார்கள், எனக்குப் பிடிக்காத சொல். அவன் மதியில் இறுக்கம் ஒன்றுமில்லை.

உடனே சொந்தக்காரர்கள் ஆரம்பித்தார்கள்: "செல்போனைக் கொடுத்து அவதான் கெடுத்துட்டா." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு பிரான்ஸ் ஞாபகம் வரும். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன், அந்த நாட்டின் மேல் எனக்கொரு பெருமை உண்டு. இந்த விஷயத்தில் மட்டும் வெட்கம். தாயின் மனம் குளிர்ந்து போனதால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று புரூனோ பெத்தல்ஹைம் 1967இல் ஒரு புத்தகம் போட்டார். உலகம் அதைத் தூக்கி எறிந்த பிறகும் பிரான்சின் மனப்பகுப்பாய்வு டாக்டர்கள் பல காலம் விடவில்லை. அந்நாட்டுச் சுகாதார ஆணையம் கல்வியும் பயிற்சியும்தான் வழி என்று அழுத்திச் சொன்னது 2012இல். அத்தனை படித்தவர்களே அம்மாவைக் குற்றவாளியாக்கினார்கள் என்றால் நம் தெருவைச் சொல்லி என்ன?

அடுத்த கூட்டம், "டவுனுக்குக் கூட்டிட்டுப் போ" என்பது. போனோம். வாரத்துக்கு முக்கால் மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி. தாய் வெளியே பெஞ்சில். உள்ளே என்ன நடந்தது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பஸ்ஸில் அவன் கத்திய கத்தலுக்கே பாதி நாள் போய்விடும்.

விளையாட்டு அறைக்குள் பூட்டிவைக்கிற பொருளா? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்து, 2016இல் வெளிவந்தது. டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள்தான் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, தாய்க்கே போட்டுக் காட்டி, "இந்த இடத்தில் நீங்க காத்திருந்தீங்க, அவன் பார்த்தான் பாருங்க" என்கிற முறை. தாமாக முன்வந்து தொடர்புகொள்வது அந்தப் பிள்ளைகளிடம் கூடியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்த ஆய்வும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கோவா எதற்கு, நம் மாவட்டத்து ஆய்க்குடியே இருக்கிறது. 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் ஆரம்பித்த அமர் சேவா சங்கத்தின் களப்பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பெற்றோரைப் பழக்குகிறார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பது இதுதான். அவன் தீப்பெட்டி வைக்கிறான். நான் எதிரே தரையில் உட்கார்ந்து (முழங்கால் படும் பாடு தனிக்கதை) என் பங்குக்கு ஒன்று வைக்கிறேன். அவன் வரிசையைக் கலைப்பதில்லை. பிறகு அடுத்த பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். முன்பெல்லாம் பிடுங்குவான். இப்போது முகத்தைப் பார்க்கிறான். தூளியில் ஆட்டும்போதும் அப்படியே: நிறுத்தினால் "ம்" என்கிறான், உடனே ஆட்டுவேன்.

இதை அங்கன்வாடியில் செய்யலாமே என்றால், அவர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்கிறார்கள். உண்மைதான். அந்தப் பதிவேடுகளைக் கேட்டு விரட்டிய குமாஸ்தா வர்க்கத்தைச் சேர்ந்தவன் நான். பதிவேட்டைக் குறையுங்கள், பயிற்சியைக் கொடுங்கள், இன்னொரு கையாளை நியமியுங்கள். 2016 சட்டத்தின் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் உண்டு. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறை 2023 நவம்பரில் டெல்லியில் வெளியானது. காகிதம் இருக்கிறது, பணமும் ஆளும் ஊருக்கு வர வேண்டும்.

தென்காசி கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதிவிட்டேன். இரண்டு வயதுப் பிள்ளை திரும்பிப் பார்க்காத வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்தத் தாயையும் கூட்டிக்கொண்டு கையெழுத்துப் போட வாருங்கள். காலை பத்து மணிவரை திண்ணையில்தான் இருப்பேன், தீப்பெட்டிகளோடு.