புகை எப்போ வருது?

போன வாரம் என் அக்கா மகன் மெல்பர்னிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஒன்பது விநாடிதான். சிவப்பு மாஸ்டா கார், பின்பக்கம் மட்டும் தெரிகிறது. செல்ஃப் எடுக்கும் சத்தம் கேட்கிறது. உடனே சைலன்சரிலிருந்து நீலமும் வெள்ளையும் கலந்த புகை குபுகுபுவென்று கிளம்பிப் பக்கத்து வீட்டு வேலியையே மறைத்துவிடுகிறது. கீழே ஒரே வரி: "மாமா, இன்ஜின் போச்சாம். இறக்கணுமாம்."

தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்த பையன். பள்ளிக்கூடம் விட்டால் வீட்டுக்கு வரமாட்டான், எந்த ஒர்க்‌ஷாப் வாசலிலாவது நிற்பான். அங்கே போய் மூன்று வருடம் காசு சேர்த்து வாங்கிய வண்டி இது. 1989-ல் செய்த ஆர்எக்ஸ்-7. ரோட்டரி இன்ஜின், டர்போ வைத்தது. அந்த ஊர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டியிருக்கிறான். பானட்டைக்கூடத் திறக்காமல், "ரோட்டரியில் புகை வந்தால் ஏபெக்ஸ் சீல்தான்" என்று சொல்லி, இவன் ஆறு மாதச் சம்பளத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு ரோட்டரி இன்ஜின் தெரியாது. ஆனால் புகை தெரிந்த ஒருவரைத் தெரியும்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. போனைக் கையில் கொடுத்தேன். ஒரு தடவை பார்த்தார். புகையின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இது எப்போ வர்து?" என்றார்.

இந்தக் கேள்வியை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது 2005-ஆம் வருட மழை. என் அப்பாவின் புல்லட், 1978 மாடல். 1955-ல் இங்கிலாந்து என்ஃபீல்டுக்காரர்களோடு சேர்ந்து தொடங்கிய கம்பெனி, திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த வண்டி. பிறந்த இடத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீட்டில் இருபத்தேழு வருடம் ஓடியது. அந்த மழையில் தெருவில் தண்ணீர் வடிய நாளாகி, வண்டி ஆறு வாரம் நின்றுவிட்டது. வெயில் வந்ததும் உதைத்தேன். ஸ்டார்ட் ஆனது. ஆனால் சந்து முழுக்க நீலப்புகை. எதிர் வீட்டுப் பாட்டி இருமிக்கொண்டே கதவைச் சாத்தினார்.

ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன், அளவு குறைந்திருந்தது. ஊற்றினேன். புகை கூடியது. மறுபடி பார்த்து மறுபடி ஊற்றினேன். கடைசியில் ஒரு கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "ரிங் போயிடுச்சு, போர் போடணும்" என்றார்கள். சிலிண்டரைக் கழற்றி, லேத்தில் கொடுத்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக் கொடுத்தார்கள். புகை நின்றது. அடுத்த மாதம் மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து உதைத்தால், அதே நீலப்புகை.

அப்போதுதான் இந்த அண்ணாவிடம் வந்தேன். "எத்தினி நாள் நின்னுச்சு?" என்று கேட்டார். சொன்னேன். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, இன்ஜின் அடியில் ஒரு பழைய பெயின்ட் டப்பாவை வைத்து, அடி போல்ட்டை லூசு பண்ணினார். கறுப்பாக, தண்ணீர்போல, ஆயில் இறங்கிக்கொண்டே இருந்தது. அரை லிட்டருக்கு மேலேயே இருக்கும். போல்ட்டை முடுக்கிவிட்டு உதைக்கச் சொன்னார். ஒரு சின்ன மேகம், இரண்டு நிமிடம், அவ்வளவுதான். "ஆயில் எங்கியும் போகலப்பா. இடம் மாறி உக்காந்துச்சு."

விஷயம் இதுதான். பழைய புல்லட்டில் ஆயிலுக்கென்று இன்ஜின் கூட்டுக்குள்ளேயே தனி அறை உண்டு. ஒரு பம்ப் அங்கிருந்து ஆயிலை எடுத்துக் கொடுக்கும், இன்னொன்று திருப்பி அனுப்பும். பம்ப் தேய்ந்திருந்தால், வண்டி நிற்கும்போது ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து கிராங்க் சுற்றும் பள்ளத்தில் போய்த் தேங்கும். டிப்ஸ்டிக் அளவு குறைந்ததாகக் காட்டும். நாம் மேலே ஊற்றுவோம். உதைத்ததும் ஃப்ளைவீல் அவ்வளவு ஆயிலையும் வாரி சிலிண்டருக்குள் அடிக்கும். பத்து நிமிடம் ஓட விட்டிருந்தால் பம்ப்பே அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கும். அதற்காகவா போர் போட்டோம்? போன பணம்கூடப் பெரிதில்லை. அப்பா இருபத்தேழு வருடம் ஓட்டியும் ஸ்டாண்டர்ட் அளவிலேயே நின்ற சிலிண்டர் அது. கடைந்து எடுத்த இரும்பைத் திருப்பி ஒட்ட முடியாது. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

நீலம் என்றால் ஆயில், கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளை என்றால் தண்ணீர் என்று எல்லோரும் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் எரிவது எது என்று மட்டும்தான் நிறம் சொல்லும். எந்த வழியாக உள்ளே வந்தது என்று சொல்ல நேரத்தால்தான் முடியும். அண்ணாவின் கணக்கு பேசின் பிரிட்ஜ் கணக்கு. பாலம் ஏறும்போது விடாமல் புகைந்தால் ரிங். ஆக்சிலேட்டரை விட்டு இறங்கி, மறுபடி முறுக்கும்போது குப்பென்று வந்தால் வால்வ் கைடு. ராத்திரி நிறுத்தி, காலையில் முதல் உதைக்கு மட்டும் வந்து நின்றாலும் அதேதான், இரவெல்லாம் கைடு வழியாக ஆயில் இறங்கியிருக்கும். நாள் கணக்கில் நின்ற பிறகு மட்டும் என்றால் என் கதை. கறுப்புக்கு முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டச் சொல்வார். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நிற்கும்வரை, ராயபுரத்து வண்டிகளின் ஃபில்டரைத் தட்டினால் விழுந்தது கரித்தூள்தான் என்பார்.

புகைச் சான்றிதழை நம்பி ஏமாறாதீர்கள். பெட்ரோல் வண்டிக்குச் சைலன்சரில் குழாய் விட்டு அளப்பது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும். 2000-க்கு முந்தைய டூவீலருக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம்வரை போகலாம். கண்ணுக்குத் தெரியும் புகையின் அடர்த்தியை அளப்பது டீசலுக்குத்தான். ஆயில் எரிவது எங்கே என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லாது.

எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளும் கொடுங்கையூர்க் குப்பைமேடும் சூழ்ந்த எங்கள் பக்கத்தில், புகை என்றால் கதவைச் சாத்திக்கொள்வது பழக்கமாகிவிட்டது. எப்போது வருகிறது என்று கேட்பது விட்டுப்போயிற்று. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்து மக்கள் 2004-ல் அதைக் கேட்கத் தொடங்கினார்கள். என்ன வாடை, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதி வைத்தார்கள். மெக்கானிக் அண்ணா செய்வதும் அதே வேலைதான் என்று எனக்கு எப்போதும் தோன்றும். இந்த வேலைக்கு மெஷின் வேண்டாம், பொறுமை வேண்டும்.

சரி, ரோட்டரிக்கு வருவோம். தெரியாதே என்று படித்துப் பார்த்தேன். இதில் பிஸ்டன் கிடையாது, வால்வும் கிடையாது. பக்கங்கள் லேசாக உப்பிய முக்கோணம் ஒன்று, ரோட்டார் என்று பேர், இடுப்பு ஒடுங்கிய அறைக்குள் சுற்றிச் சுற்றி வரும். ஜெர்மன்காரர் ஃபெலிக்ஸ் வாங்கெலின் யோசனை. என்எஸ்யு கம்பெனி 1957-ல் முதல் இன்ஜினை ஓட்டிக் காட்டியது. ஆனால் விடாமல் பிடித்துக்கொண்டு கரை சேர்த்தது ஜப்பானின் மாஸ்டா. முக்கோணத்தின் மூன்று முனையிலும் ஒரு பட்டை சீல் உண்டு, அதுதான் ஏபெக்ஸ் சீல். ஆரம்பத்தில் அது அதிர்ந்து அறைச் சுவரையே வரிவரியாகக் கீறியது. மாஸ்டா இன்ஜினியர்கள் அதற்குப் பிசாசின் நகக்கீறல் என்று பேர் வைத்து வருடக்கணக்கில் போராடினார்கள். 1967-ல் காஸ்மோ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1991-ல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை ரோட்டரி காரிலேயே ஜெயித்தார்கள்.

அந்த முனைகள் சுவரில் உரசிக்கொண்டே ஓடுவதால் ஆயில் வேண்டும். அதற்காக ஒரு சின்னப் பம்ப் இன்ஜின் ஆயிலில் கொஞ்சம் எடுத்து உள்ளே விடுகிறது. அது எரிந்துதான் போகும். ஆகவே நல்ல ரோட்டரியிலும் ஆயில் குறையும். குறையவே இல்லை என்றால்தான் பயப்பட வேண்டும்.

இதை நான் சொல்லி முடிக்கும் முன்பே அண்ணா பிடித்துக்கொண்டார். "நம்ப ஆர்எக்ஸ் ஹண்ட்ரட் மாதிரி." 1985-ல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 டூ-ஸ்ட்ரோக். தனி டேங்கில் டூ-டி ஆயில், ஆக்சிலேட்டர் முறுக்குக்குத் தக்கபடி ஊட்டும் பம்ப். புகை பிடிக்காமல் அந்தப் பம்ப் ஒயரைக் குறைத்து வைத்தவர்கள் எத்தனை பேர்! புகை குறைந்தது, பிஸ்டன் பிடித்தது. பிறவியிலேயே ஆயில் எரிக்கும் இன்ஜினில் புகையைப் பார்த்ததும் நோய் என்று சொல்லக் கூடாது. வழக்கத்துக்கு மேல் எப்போது வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். அதே டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். அங்கே பார்க்க வேண்டியது கியர்பாக்ஸை, பிஸ்டனை இல்லை.

பையனை வீடியோ காலில் பிடித்தோம்.

"கண்ணு, காலைல மொத ஸ்டார்ட்ல எவ்ளோ வர்து?"

"கொஞ்சம்தாண்ணா. ரெண்டு நிமிஷத்துல நின்னுடும்."

"மோந்து பாத்தியா? இனிப்பா வாடை வர்தா? ரேடியேட்டர் தண்ணி கொறையுதா?"

இரண்டும் இல்லை. ரோட்டரியின் அடுக்குகளுக்கு நடுவில் கூலன்ட் வெளியே போகாமல் ரப்பர் சீல் உண்டு. அது போனால் இனிப்பு வாடையோடு வெள்ளைப்புகை அடிக்கும், தண்ணீர் குறையும். ஆக, அது இல்லை.

"காரை அப்டியே ரெண்டடி நவுத்தி உடனே ஆஃப் பண்ற பழக்கம் உண்டா?"

பையன் அசந்துபோனான். ரோட்டரிக்காரர்கள் எல்லோரும் பயப்படும் விஷயம் அது. சூடேறும் முன் நிறுத்தினால் பெட்ரோல் அறைக்குள் தேங்கி, அடுத்த தடவை எடுக்காது, எடுத்தால் ஒரே புகை. டூ-ஸ்ட்ரோக் பார்த்த கை என்பதால் அண்ணாவுக்குக் கேட்கத் தோன்றியது. அந்தப் பழக்கமும் இல்லை.

"அப்போ எப்பதான் நெறைய வர்து?"

"நல்லா ஓட்டிட்டு வந்து நிறுத்தி, காபி குடிச்சிட்டு திரும்ப எடுத்தாண்ணா. அப்புறம் சிக்னல்ல ரொம்ப நேரம் நின்னு மிதிச்சா."

"சூடா இருக்கசொல்ல ஒரே செல்ஃப்ல எடுக்குதா? இழுவை இருக்கா?"

"சூப்பரா இழுக்குதுண்ணா."

இழுவை இருந்தால், சூட்டில் உடனே ஸ்டார்ட் ஆனால், ஏபெக்ஸ் சீல் என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்தச் சீல் போனால் முதலில் போவது கம்ப்ரஷன். சூடான இன்ஜின் எடுக்கவே சிரமப்படும். புகை அதன் அடையாளமே இல்லை. மிச்சம் இரண்டு வழி. ரோட்டார் பக்கவாட்டில் ஆயிலைத் தடுக்கும் ரிங்குகளுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்திருக்கலாம். இல்லையென்றால் டர்போ. இரண்டுமே சூட்டில் நின்ற பிறகுதான் புகைக்கும். முதலாவது என்றால் ஒர்க்‌ஷாப்காரர்கள் சொன்னது காரணத்தில் தப்பு, செலவில் சரி, இன்ஜின் இறங்கத்தான் வேண்டும்.

அண்ணா டர்போ வைத்த லாரிகளில் கை வைத்தவர். "டர்போக்கு முன்னாடி பைப்பைக் கழட்டிப் பாரு. பின்னாடியும் பாரு. ரெண்டு பக்கமும் ஈரமா இருந்தா இன்ஜின். முன்னாடி காஞ்சு, பின்னாடி ஈரம்னா டர்போ. அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போட்டோ வந்தது. டர்போவுக்கு முன்னால் இருக்கும் பைப் உள்புறம் சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. பின்னால் இருப்பதில் விரல் வைத்துக் காட்டியிருந்தான், விரல் நுனி கறுப்பாக மினுமினுத்தது. டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்கும் குழாயில் பாதிக்கு மேல் கரி. இறங்க வழியில்லாத ஆயில், நின்ற நேரத்தில் சீலைத் தாண்டி சைலன்சர் பக்கம் வழிந்திருக்கிறது. கம்ப்ரஷனும் பார்த்துவிட்டான். ஒவ்வொரு ரோட்டாருக்கும் மூன்று துடிப்பு, மூன்றும் ஒரே உயரம்.

போனை அண்ணாவிடம் காட்டினேன். பைப் போட்டோவைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, பிரித்துப் போட்ட ரோட்டரி இன்ஜின் படம் ஒன்றைத் தேடித் தரச் சொன்னார். எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துவிட்டு, விரலால் பெரிதாக்கி, முக்கோணத்தின் மூன்று முனைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெளியே கேட் மூடி, திறந்து, மறுபடி மூடியது. "பையன் பொங்கலுக்கு வர்றானா?" என்று கேட்டார். வருகிறான் என்றேன். "யார்னா தூக்கிப் போட்ட பழைய சீல் ஒண்ணு, முனைல வர்து பாரு, அது, இருந்தா எடுத்துன்னு வரச் சொல்லு. கைல வச்சுப் பாக்கணும்."