எஞ்சின் மாத்துனா ஜெயிலா? – ஒரு கீரமங்கலத்தானின் கேள்வி

ரெண்டு வகை ஆளுங்க மேல எனக்கு ஒரே அளவு கடுப்பு. முதல் வகை, "கிராமத்து விஞ்ஞானியைப் பாருங்கய்யா, பழைய இரும்புக்கடைச் சாமான்ல ஜீப் செஞ்சுட்டாரு"ன்னு புல்லரிச்சு, நாலு பேருக்கு வீடியோவை அனுப்பிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுறவங்க. ரெண்டாவது வகை, "வண்டியில ஒரு நட்டை மாத்தினாலும் சட்டவிரோதம், பிடிச்சு உள்ள போடணும்"னு பஞ்சாயத்து பண்றவங்க. பார்க்க எதிரும் புதிருமா இருந்தாலும் ரெண்டு கோஷ்டியும் ஒரு விஷயத்துல ஒத்துமை. வண்டியைச் செஞ்சவன்கிட்ட போய், "பிரேக் பிடிக்குதாப்பா?"ன்னு ஒருத்தரும் கேட்கிறதில்லை.

அந்தக் கேள்வியை அரசாங்கம் கேட்கணும். பதில் சரியா இருந்தா ஆர்.சி. புக்குல எழுதிக் கொடுக்கணும். சரியில்லைன்னா வண்டியை நிறுத்தணும். இதுதான் என் கட்சி. மீதியெல்லாம் விளக்கம்.

கொஞ்சமா கொசுவத்தி சுத்திக்கிறேன். கீரமங்கலம் தெரியாதவங்களுக்கு: புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி தாலுகா. பூ, தேங்காய், பலா, இந்த மூணும்தான் எங்க பிழைப்பு. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் அடிச்சு தென்னையெல்லாம் சாஞ்சப்ப தான் எங்க பேரு டிவியில வந்துச்சு. விழுந்த மரத்தை அப்புறப்படுத்தவே மாசக்கணக்காச்சு. மழை பெஞ்சா தோப்புக்குள்ள போற வண்டிப்பாதை சேறாயிடும். டிராக்டர் வாங்க வசதி இல்லை. சாதா லோடு ஆட்டோ உள்ள போனா வெளிய வராது.

அதனால நானும் என் மச்சானும் வீட்டுக்குப் பின்னாடி கொட்டகையில ஒரு வண்டி செஞ்சோம். 80-கள்ல வந்த ஃபோர் வீல் ஜீப். எஞ்சின் பியூஜோ டீசல், 2112 சிசி. ஆயுசு முடிஞ்சு, ஆயில் குடிச்சுக்கிட்டு கிடந்துச்சு. பின்பக்க பாடியை வெட்டி சுமைப்பெட்டி அடிச்சோம். எஞ்சினுக்குப் பதிலா, உடைக்கப் போன ஒரு பொலீரோவோட 2523 சிசி டிஐ எஞ்சினை பில்லோட வாங்கினோம். பழைய எஞ்சின் நல்லா சுத்தினாத்தான் இழுக்கும். இது மெதுவா சுத்தும்போதே இழுக்கும். சேத்துல வேணுங்கிறது அந்த இழுவைதான்.

எஞ்சின் மாத்துறதுன்னா தூக்கி வச்சு போல்ட்டு போடுறதுன்னு நினைக்காதீங்க. போர்வெல் மோட்டார் தூக்குற முக்காலியைப் போட்டு, செயின் பிளாக்குல தொங்கவிட்டு, இறக்கி ஏத்தின கணக்கே இல்லை. முன்பக்க ஆக்சில் மேல எஞ்சினோட ஆயில் தொட்டி இடிக்குதான்னு பார்க்கணும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற தட்டை லேத் பட்டறையில கடையணும். அது மயிரிழை விலகினாலும் கியர்பாக்ஸ் பேரிங் சீக்கிரமே ஊளையிட ஆரம்பிச்சுடும். மவுண்டிங் தள்ளிப் போனா ப்ரொபெல்லர் ஷாஃப்ட் கோணம் மாறும், ஜாயிண்ட் அடிபடும். முன்னாடி எடை கூடினதுக்கு ஸ்பிரிங் பட்டை ஒண்ணு சேர்க்கணும்.

முக்கியமானது பிரேக். பெட்ரோல் எஞ்சின்ல மேனிஃபோல்டுலயே கிடைக்கிற வாக்குவம் டீசல்ல கிடைக்காது. ஆல்டர்னேட்டர் முதுகுல இருக்கிற பம்புதான் பிரேக் பூஸ்டருக்கு உயிர். அந்தக் குழாய் விட்டுப்போனா பெடல் கல்லு மாதிரி ஆயிடும். எங்க மெக்கானிக் அண்ணன் எஞ்சினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பிரேக்கைத்தான் முடிச்சார். "ஓடுறது அப்புறம்டா தம்பி, முதல்ல நிக்கட்டும்"னார். வாகனச் சட்டத்தோட முதல் பக்கத்துல எழுத வேண்டிய வாசகம்.

எல்லாம் முடிச்சு, பில், போட்டோ, எஞ்சின் நம்பர் எல்லாத்தையும் கட்டி எடுத்துக்கிட்டு போக்குவரத்து ஆபீஸ் ஒண்ணுக்குப் போனோம். அங்க இருந்தவர் மரியாதையாத்தான் பேசினார். "அதே கம்பெனி, அதே டைப் எஞ்சின்னா நம்பரை மாத்தித் தரலாம் சார். இது வேற டைப். கம்பெனி கொடுத்த விவரத்தை மீறி நான் எழுத முடியாது." வண்டி வெளியிலதான் நிக்குது, வந்து பாருங்கன்னோம். "பார்த்து என்ன சார் செய்யுறது?"ன்னார்.

அவரைத் திட்டி பிரயோஜனமில்லை. சட்டம் அவருக்கு அப்படி ஒரு கட்டமே வைக்கலை. இன்னிக்கு அந்த வண்டி எங்க தோப்புக்குள்ள மட்டும் ஓடுது. பூந்தோட்டம் பஞ்சாயத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம். முப்பதடி அகலம்தான். ஆனா அது பொது இடம், பதிவு செல்லாத வண்டி அதுல டயர் வைக்கக் கூடாது. பூ மூட்டையை ரோடு தாண்டி தலையில தூக்கிட்டு வந்து இந்தப் பக்கம் வண்டியில ஏத்துறோம். சிரிப்பா இருக்கா? எங்களுக்கும் முதல்ல சிரிப்பாத்தான் இருந்துச்சு.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. இது ஆரம்பத்துல எப்படி இருந்துச்சு தெரியுமா? வண்டியில மாற்றம் செய்யப் போறவன் பதிவு அதிகாரிக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து அனுமதி வாங்கணும். அவர் ஏழு நாளைக்குள்ள பதில் சொல்லணும். சொல்லலைன்னா அனுமதி கொடுத்ததா அர்த்தம்! நம்ம நாட்டுச் சட்டத்துல இப்படி ஒரு வரி இருந்துச்சுன்னு சொன்னா எங்க மச்சான் நம்பவே இல்லை.

2000-ம் வருஷம் திருத்தம் வந்துச்சு. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறா எதையும் மாத்தக் கூடாதுன்னு ஆச்சு. கேஸ், பேட்டரி மாதிரி மாற்று எரிபொருளுக்கு அங்கீகாரம் பெற்ற கிட் போட்டுக்கிட்டா மட்டும் விலக்கு. அந்தத் திருத்தத்தோட நோக்கத்துல, கூடுதல் சுமை தாங்குற டயர் மாட்டுறதைத் தடுக்கிறதும் ஒண்ணு. ஓவர்லோடு லாரியைப் பிடிக்கணும்னா பிடிங்க, யாரு வேணாம்னா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையா, பட்டறைக்காரன் வழியையும் சேர்த்து அடைச்சுட்டாங்க.

2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் கேரளா வழக்கு ஒண்ணுல இதை உறுதி செஞ்சுது. தீர்ப்பு சட்டத்தைச் சரியாத்தான் படிச்சிருக்கு. கோளாறு சட்டத்துல. அதே வருஷத் திருத்தத்துல 182ஏ பிரிவு வந்துச்சு: அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாசம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். எங்க வண்டியில எத்தனை மாற்றம்னு எண்ணிப் பார்த்துட்டு மச்சான் அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை :-)

இதுல ஒரு உபபிரிவு இருக்கு பாருங்க, அதுதான் டாப்பு. பத்து போக்குவரத்து வாகனத்துக்குக் குறையாம வச்சிருக்கிறவருக்கு, அதே கம்பெனி அதே டைப் எஞ்சினை முன் அனுமதி வாங்காமலே மாத்திக்க மாநில அரசு அறிவிக்கை போட்டு அதிகாரம் கொடுக்கலாம். பத்து லாரி முதலாளியை நம்பலாம், ஒத்தை ஜீப்புக்காரனை நம்பக் கூடாது. லாரி எண்ணிக்கைக்கும் போல்ட்டு முறுக்குற நேர்மைக்கும் என்னய்யா சம்பந்தம்?

அடுத்து, கம்பெனிங்க செய்யாததையா நாங்க செஞ்சுட்டோம்? நம்ம ஊரு ஜீப்போட சரித்திரமே எஞ்சின் மாத்தின சரித்திரம்தான். பெட்ரோல் எஞ்சினோட வந்த ஜீப்புக்கு அப்புறமா பியூஜோ டீசலை ஏத்தினாங்க, பிறகு டிஐ ஏத்தினாங்க. அடிப்படைச் சட்டம் பெரிசா மாறலை. அம்பாசடருக்கு 90-கள்ல இசுஸு எஞ்சின் வந்துச்சு. கார் என்னமோ 50-கள் டிசைன்தான். கம்பெனி செஞ்சா புது மாடல், கீரமங்கலத்துல செஞ்சா குத்தம்.

"கம்பெனிக்காரன் டெஸ்ட் பண்ணி சர்டிபிகேட் வாங்குறான்ல?" கரெக்ட். அதைத்தான் நானும் கேட்கிறேன், எனக்கும் டெஸ்ட் வைங்க! சென்னை பக்கத்துல ஒரகடத்துலயே மத்திய அரசோட வாகன ஆராய்ச்சி மையம் இருக்கு. ஆனா அந்த முறை ஆயிரக்கணக்குல வண்டி விக்கிறவனுக்கானது. ஒரே ஒரு வண்டி செஞ்சவனுக்குத் தனியா, அவன் கைக்கு எட்டுற மாதிரி ஒரு தேர்வு வேணும்.

இது ஒண்ணும் செவ்வாய் கிரகத்து யோசனை இல்லை. பிரிட்டன்ல வீட்டுல வண்டி கட்டுறவனுக்குன்னே தனி வாகன அங்கீகாரச் சோதனை இருக்கு. பிரேக், ஸ்டியரிங், சீட் பெல்ட், புகை எல்லாம் பார்ப்பாங்க. பழைய வண்டியை மாத்திக் கட்டினா அதே பதிவு எண் தங்குமான்னு முடிவு பண்ண பல வருஷமா அங்க ஒரு புள்ளிக் கணக்கு வச்சிருந்தாங்க: சேஸ் 5, ஸ்டியரிங், ஆக்சில், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் ஒவ்வொண்ணுக்கும் 2, எஞ்சினுக்கு 1. ஆக 14. எட்டு புள்ளி இருந்தா போதும். எஞ்சினை மட்டும் மாத்தினா பதிமூணு நிக்குது. அங்க ஒரு புள்ளி போகிற விஷயத்துக்குத்தான் இங்க ஆறு மாசம். ஆஸ்திரேலியாவுல வண்டி எடைக்கு எவ்வளவு பெரிய எஞ்சின் போடலாம்னு அட்டவணையே போட்டிருக்காங்க. அங்கீகாரம் பெற்ற பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

இனி கை தட்டுற கோஷ்டிக்கு வர்றேன். மகாராஷ்டிராவுல சாங்லி மாவட்டத்துக் கொல்லர் தத்தாத்ரய லோஹர், பழைய சாமான்கள்ல கிக்கர் அடிச்சு ஸ்டார்ட் பண்ற குட்டி ஜீப் செஞ்சார். 2021 டிசம்பர்ல ஆனந்த் மஹிந்திரா அதைப் பாராட்டி, இது விதிமுறைக்கு ஒத்து வராது, அதிகாரிங்க நிறுத்திடுவாங்க, பதிலா ஒரு பொலீரோ தர்றேன்னார். சொன்ன மாதிரியே 2022 ஜனவரியில கொடுத்தார். நல்ல மனுஷன், குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா நாம எதுக்குக் கை தட்டினோம்னு யோசிச்சீங்களா? வண்டி செய்யத் தெரிஞ்ச ஒருத்தர், கம்பெனி வண்டி ஓட்டுறவரா ஆனதுக்கு. அவர் செஞ்சதை எப்படிச் சரி பண்ணினா ரோட்டுல ஓட்டலாம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுக்க நாட்டுல ஆபீஸ் இல்லை. நம்ம ஜி.டி.நாயுடு 1952-ல ரெண்டாயிரம் ரூபாய்க்கு ரெண்டு பேர் போற கார் செஞ்சு, அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்காததால அது நின்னுபோச்சுன்னு கோயம்புத்தூர்க்காரங்க இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. இத்தனை வருஷம் கழிச்சும் அதே கதை, பெருமையும் புலம்பலும் மட்டும் மிச்சம்.

ஆட்டோ அனுப்ப ரெடியா இருக்கிறவங்களுக்கு முன்கூட்டியே பதில்:

"திருட்டு எஞ்சின் புழங்கும்." இப்பத்தான் புழங்கும். கணக்குல வராத எஞ்சினுக்கு நம்பர் யாரு பார்க்கிறா? பதிவு பண்ண வழி இருந்தா பில்லும் நம்பரும் தானா மேசைக்கு வரும். கம்ப்யூட்டர்ல தட்டினா எந்த வண்டியோடதுன்னு தெரிஞ்சிடும்.

"விபத்து ஆகும்." ஆகும், அதுக்காகத்தான் சொல்றேன். தடை போட்டதால மாத்துறது நிக்கலை, மறைஞ்சு போச்சு. சென்னை மீன்பாடி வண்டியை எடுத்துக்குங்க. தடை, பறிமுதல்னு எவ்வளவோ நடந்தும் தெருவை விட்டுப் போகலை. வடக்க ஓடுற ஜுகாட் வண்டியும் மோட்டார் வாகனம்தான்னு 2013-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சரிதான். ஆனா மோட்டார் வாகனம்னு சொல்லிட்டு, அதைத் தகுதியாக்கிப் பதிவு பண்ண வழி வைக்கலைன்னா அவன் நம்பர் பிளேட் இல்லாமத்தான் ஓட்டுவான். ஆர்.சி.யில ஒரு எஞ்சின், வண்டியில ஒரு எஞ்சின்னா இன்சூரன்ஸ்காரன் க்ளெய்மைத் தட்டிக் கழிக்க அது ஒண்ணு போதும். அடிபட்ட குடும்பம்தான் அலையும்.

"புகை." வர்ற எஞ்சின், போற எஞ்சினை விடப் பழைய தரமா இருக்கக் கூடாதுன்னு ஒரே வரியில விதி போடுங்க. எங்க வண்டி அதுல பாஸ்.

என்னதான் வேணும்கிறே? இதோ. ஒண்ணு, பழைய 52-ம் பிரிவு மாதிரி முன் தகவல் முறை திரும்ப வரணும். ஏழு நாள் முடியலைன்னா அறுபது நாள் எடுத்துக்குங்க, பதிலில்லைன்னா அனுமதின்னுகூட நான் கேட்கலை. ரெண்டு, பொறியாளர் ஒருத்தர் வரைபடத்தோட கையெழுத்துப் போடணும், தப்பா போட்டா அவர் தலையும் உருளணும். மூணு, பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஓட்டிப் பார்க்கணும். பிரேக் அளக்கிற ரோலரோட தானியங்கி சோதனை நிலையம் அமைக்க 2021-லயே விதி வந்தாச்சு, அதுல ஏத்திப் பாருங்க. நாலு, ஆர்.சி.யில "மாற்றியமைக்கப்பட்டது"ன்னு பெரிசா எழுதி, வேகத்துக்கும் எல்லைக்கும் கட்டுப்பாடு போடுங்க. மணிக்கு 40 கிலோமீட்டர், சொந்த மாவட்டம் மட்டும்னாலும் சந்தோஷம். எங்களுக்கு சென்னைக்குப் போகணும்னு ஆசையில்லை, ரோட்டைத் தாண்டணும். அஞ்சு, இதுக்கெல்லாம் ஃபீஸ் வாங்கிக்குங்க.

ஆயில் எஞ்சின்ல ஆரம்பிச்சு போர்வெல் மோட்டார் வரைக்கும் பிரிச்சு மேயுற கைங்க எங்க பக்கம் பட்டறைக்குப் பட்டறை இருக்கு. அந்தக் கையில வேலை கத்துக்க வர்ற பசங்க வருஷா வருஷம் குறையுறாங்க. குத்தமான தொழிலுக்கு எந்த அப்பன் பிள்ளையை அனுப்புவான்?

வீடியோவுக்குக் கை தட்டுற மக்களே, அடுத்த தடவை தட்டுறதுக்கு முன்னாடி "இதுக்கு ஆர்.சி. எப்படி வாங்கினீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. உள்ள போடணும்னு சொல்ற மக்களே, நீங்க "பிரேக் எப்படி?"ன்னு கேளுங்க. ரெண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்க ஒரு மேசை, அதுக்குப் பின்னாடி ஒரு அதிகாரி, அவர் கையில ஒரு ஃபாரம். இது வர்ற வரைக்கும் நான் புலம்பத்தான் செய்வேன், பொறுத்துக்குங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு கொட்டகையில எஞ்சினை இறக்கிடாதீங்க. மேல சொன்ன ஆறு மாசம் இன்னும் சட்டத்துல அப்படியேதான் இருக்கு.