குரங்கிற்குப் பழம் ஈவது அறமா?



கல்விச் சுற்றுலா என்றால் நம் பள்ளிப் பேருந்து பினாங்குப் பாலத்தைக் கடந்து, தண்ணீர்மலைப் பக்கமுள்ள தாவரவியல் பூங்காவிற்குச் செல்வது வழக்கம். கருங்கல் உடைத்தெடுத்த இடத்தில் 1884ஆம் ஆண்டு சார்லஸ் கர்ட்டிஸ் என்பார் உருவாக்கத் தொடங்கிய பூங்கா அது. முந்தைய ஆண்டுகளில் அங்குள்ள குரங்குகளுக்கு வழங்க வாழைப்பழச் சீப்புகளை நாமே வாங்கிச் சென்றதுண்டு. அது தவறென்பதை இவ்வாண்டு உணர்ந்தோம்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி உணவுப் பையுடன் நின்றாள். பையின் சலசலப்பைக் கேட்ட குரங்கொன்று பாய்ந்து பறித்தது. பிள்ளையின் கையில் நகம் கீறியது. மருத்துவமனையில் ஊசி போட்டுத் திரும்பும்வரை அவள் அழுகை ஓயவில்லை. குரங்கைப் பழிப்பது எளிது. ஆயின், பையென்றால் உணவு என்று அதற்குக் கற்பித்த ஆசிரியர் யார்? நம்மனோரே!

மலாய் மொழியில் ‘கெரா’ எனப்படும் நீள்வால் குரங்கு, காட்டுக் கனிகளைக் கன்னப் பையில் அடக்கிச் சென்று விதைகளை உமிழும். அவ்விதைகள் மரமாகும். சாலையோரம் ரொட்டிக்குக் காத்திருக்கும் குரங்கு அப்பணியை மறந்துவிடுகிறது. ‘லோத்தோங்’ எனும் இலைதின்னிக் குரங்கின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கண்களைச் சுற்றி வெண்வளையமும் பொன்னிறக் குட்டியும் கொண்ட இவ்வினத்தின் இரைப்பையில், நுண்ணுயிர்களே இலையைச் செரிப்பிக்கின்றன. நாம் தரும் இனிப்பு அச்செரிமானத்தைக் குலைத்துவிடும்.

“வாயில்லாச் சீவனுக்கு உணவிடுதல் புண்ணியமன்றோ?” எனப் பெற்றோர் சிலர் வினவினர். கேட்கத்தக்க வினாவே. முல்லைக்கொடிக்குப் பாரி வள்ளல் ஈந்தது பாலோ பழமோ அன்று. அது பற்றிப் படரக் கொழுகொம்பாகத் தம் தேரையே ஈந்தார். பெறுவோர்க்கு எது தேவையோ அதனைத் தருவதே ஈகை. தெலுக் பகாங்கில் சாலையைக் கடக்கையில் இலைதின்னிக் குரங்குகள் வண்டிகளில் அடிபட்டு மாண்டன. அதனைக் கண்ட ‘லங்கூர் புராஜெக்ட் பினாங்கு’ குழுவினர், பழைய தீயணைப்பு நீர்க்குழாய்களைக் கொண்டு 2019ஆம் ஆண்டில் மரத்திற்கு மரம் ஒரு பாலம் கட்டினர். இதுவே இக்காலத்துப் பாரியின் தேர்!

தோட்டப் பாட்டாளிகளாகிய நமக்கு இதில் தனிப் பங்குண்டு. காட்டை வெட்டிப் பால்மரமும் செம்பனையும் நட்ட கைகள் நம் முன்னோருடையவை. ஆணையிட்டோர் வேறு, உழைத்தோர் நாம். ஆதலின் எஞ்சியுள்ள காட்டின் அருமையை நாமே நன்கறிவோம். கடற்கழுகு வட்டமிடும் தெலுக் பகாங் காடு 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. கொடிமலைப் பகுதியை 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. நம் பிள்ளைகள் அவற்றைக் காணட்டும்; வெறுங்கையுடன் காணட்டும்.

எனவே, அடுத்த சுற்றுலாவில் வாழைப்பழம் மாணவர்க்கு மட்டுமே; அதுவும் பேருந்தினுள்ளே! தோலும் பையும் நம்முடனேயே திரும்பும். குரங்குக் குட்டியைப் பிடித்து வீட்டில் கட்டி வைக்கும் வழக்கமும் நம் தோட்டத்தில் இன்றோடு ஒழிக. அவற்றின் உணவைக் காடு தரும். அக்காட்டைக் காத்தலே நாம் தரும் கொடை.

வாழ்க வையகம்!