ஊர் மாறுகிறீர்களா? வீட்டைத் தேடும் முன் ஏரியாவைத் தேடுங்கள்

வேலை மாற்றம் காரணமாகக் குடும்பத்துடன் வேறு ஊருக்குக் குடிபோகிறவர்களுக்கு இன்று கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் பெரிய துணை. புரோக்கர் பின்னால் வெயிலில் அலையாமல், வீட்டில் உட்கார்ந்தபடியே நூறு வீடுகளின் போட்டோக்களைப் பார்த்துவிடலாம். ஆனால் இந்த வசதியே ஒரு சிக்கலையும் கொண்டு வந்திருக்கிறது. வாடகை வீடு காட்டும் இணைய தளங்கள் நம்மிடம் முதலில் கேட்பது "எத்தனை பெட்ரூம், எவ்வளவு வாடகை?" என்பதுதான். நாமும் அதற்குப் பதில் கொடுத்து, மாடுலர் கிச்சன் போட்டோவில் மயங்கி, அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகிவிடுகிறோம். அந்த வீடு எந்த மாதிரி தெருவில் இருக்கிறது என்பதை நாம் கேட்பதும் இல்லை, தளம் சொல்வதும் இல்லை.

இது பற்றி என் கருத்து இரண்டே வரிகளில் அடங்கிவிடும். ஒன்று, வீட்டைத் தேடுவதற்கு முன் ஏரியாவை முடிவு செய்யுங்கள். இரண்டு, ஏரியாவை முடிவு செய்யும்போது ஆஃபீஸ் போகிறவரின் வசதியை மட்டும் பார்க்காமல், அந்தத் தெருவில் அதிக நேரம் இருக்கப்போகிறவரின் வசதியை முதலில் பாருங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கம்ப்யூட்டரில் தவறாக ஏதாவது செய்துவிட்டால் கன்ட்ரோல் கீயுடன் இசட் கீயை அழுத்தி, பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். குடிபோன பிறகு அப்படி முடியாது. புரோக்கர் கமிஷன், லாரி வாடகை, காலி செய்யும்போது பெயிண்டிங் என்று பிடித்துக்கொள்ளும் தொகை, குழந்தைக்குக் கட்டிய ஸ்கூல் பீஸ் எல்லாம் போனது போனதுதான். அதைவிட, புது ஊரில் அப்போதுதான் நாலு பேரைப் பழகிக்கொண்ட வயதான அம்மாவை மறுபடியும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போவது இன்னும் கஷ்டம்.

ஆஃபீஸ் மாறும், ஸ்கூல் மாறலாமா?

நான் திருநெல்வேலியில் இருந்து சென்னைக்கு வந்தவன். என் ஆஃபீஸ் சிறுசேரி சிப்காட்டில் இருக்கிறது. உடன் வேலை பார்ப்பவர்களில் பலரும் சொன்ன யோசனை, "சிறுசேரி, நாவலூர் பக்கமே ஒரு ஃபிளாட் பாருங்கள். பத்து நிமிஷத்தில் ஆஃபீஸ்" என்பதுதான். தனி ஆளாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் என்னுடன் வந்தவர்கள் மூன்று பேர். முழங்கால் வலி உள்ள என் அம்மா, பி.எட். முடித்துவிட்டு ஸ்கூல் வேலை தேடும் என் மனைவி, மூன்று வயது மகள்.

சாஃப்ட்வேர் துறையில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். சில வருடங்களுக்கு ஒரு முறை கம்பெனி மாறுகிறோம். அதே கம்பெனியில் இருந்தாலும் புராஜெக்ட் மாறினால் வேறு கேம்பஸுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இன்று சிறுசேரி, நாளை அம்பத்தூர் அல்லது போரூர். 2020-க்குப் பிறகு வாரத்தில் சில நாட்கள் வீட்டில் இருந்தே வேலை பார்ப்பதும் பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஆக, மாறக்கூடிய ஒன்றை நடுவில் வைத்து, மாறக்கூடாதவற்றை அதைச் சுற்றி அமைக்கிறோம். குழந்தையின் ஸ்கூல், அம்மாவின் டாக்டர், மனைவியின் வேலை வாய்ப்பு ஆகியவைதான் நடுவில் இருக்க வேண்டும்.

"தினமும் டிராபிக்கில் கஷ்டப்படப்போவது நான்தானே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரவு களைத்துப்போய் வந்து, தூங்கிவிட்ட குழந்தையைப் பார்ப்பதும் ஒரு நஷ்டம்தான். எனவே பயணத்துக்கு ஓர் உச்ச வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். என் வரம்பு, ஒரு வழிக்கு 75 நிமிடம். அதற்குள் எங்கே இருந்தாலும் சரி என்று வைத்துக்கொண்டு, மற்றதைக் குடும்பத்தின் கையில் விட்டுவிட்டேன். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டு பேரின் வரம்புக்கும் பொதுவாக வரும் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மேப்பில் கிட்டே, ரோட்டில் எட்டே

தூரத்தைப் பார்க்கும்போது கிலோமீட்டரை நம்பாதீர்கள், நிமிடத்தைப் பாருங்கள். உதாரணமாக, ஓ.எம்.ஆரில் உள்ள துரைப்பாக்கமும் பள்ளிக்கரணையும் மேப்பில் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். இடையில் இருப்பது சதுப்பு நிலம். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்பு நிலம் அது. பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் ரோடு போன்ற ஒன்றிரண்டு வழிகளில்தான் அதைக் கடக்க முடியும். எல்லோரும் அதே வழியில்தான் வருவார்கள்.

கூகுள் மேப்ஸில் இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. புறப்படும் இடம், சேரும் இடம் இரண்டையும் கொடுத்து டைரக்ஷன்ஸ் கேளுங்கள். கார் படத்தைத் தேர்ந்தெடுத்தால் கீழே 'லீவ் நவ்' என்று ஒரு மெனு இருக்கும். அதில் கிளிக் செய்து 'அரைவ் பை' என்பதைத் தேர்ந்தெடுத்து, திங்கட்கிழமை காலை 9 மணி என்று கொடுங்கள். வழக்கமாக எத்தனை நிமிடம் ஆகும் என்று காட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு பார்க்கப் போய்விட்டு, "அரை மணி நேரம்தான்" என்று நம்பி வருபவர்கள் இதை ஒரு முறை செய்து பார்த்தால் போதும்.

இன்னொன்று. "மெட்ரோ வரப்போகிறது" என்று விளம்பரத்தில் இருந்தால், அதற்காகக் கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள். வரப்போகும் ரயிலில் இன்றைக்கு ஏற முடியாது.

இந்த ஏரியா, முன்பு ஏரியா?

சென்னையில் குடியேறுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. இந்த ஊரில் ஏரியை மூடி ஏரியா ஆக்கியது புது விஷயம் இல்லை. தியாகராய நகரே 1920-களில் பெரிய ஏரியை வற்றவைத்து உருவாக்கிய பகுதிதான். மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, லேக் மட்டும் இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய ஏரி இருந்த இடத்தில்தான். பெயரில் ஏரி, குளம், தாங்கல் என்று வந்தால் கொஞ்சம் நின்று விசாரியுங்கள். தாங்கல் என்றாலே நீர்நிலைதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஓரம் உள்ள முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றன. ஆனால் ஓர் ஏரியா முழுவதையும் ஒரே மாதிரி ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரே ஏரியாவில் ஒரு தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், அடுத்த தெரு காய்ந்து கிடக்கும். எனவே தெரு அளவில் பார்க்க வேண்டும்.

இதற்கு இரண்டு இலவச வழிகள் இருக்கின்றன. கூகுள் எர்த் புரோகிராமில் பழைய வருடங்களின் சாட்டிலைட் படங்களைப் பார்க்கும் வசதி உண்டு. டைம் ஸ்லைடரை இடது பக்கம் நகர்த்திக்கொண்டே போனால், இப்போது அபார்ட்மென்ட் நிற்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று தெரியும். மழைக்காலத்தில் எடுத்த படம் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, யூ டியூபில் ஏரியா பெயர், தெரு பெயர், பக்கத்தில் 'மழை 2015' அல்லது 'மிக்ஜாம்' என்று தமிழிலேயே டைப் செய்து தேடுங்கள். மக்கள் மொட்டை மாடியில் நின்று எடுத்த வீடியோக்கள் கிடைக்கும். பழைய வீடியோவைப் புதிது போலப் போடுகிறவர்களும் உண்டு என்பதால் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் அதிகமாவது ஒரு பிரச்சினை என்றால், இல்லாமல் போவது இன்னொரு பிரச்சினை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டுபோய், ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஓ.எம்.ஆர். பக்கம் பல அடுக்குமாடிகள் லாரித் தண்ணீரை நம்பி நாட்களை ஓட்டின. எனவே "தண்ணி 24 மணி நேரமும் வரும் சார்" என்று சொன்னால், "எங்கிருந்து வரும்?" என்று கேளுங்கள். மெட்ரோ வாட்டரா, போர்வெல்லா, லாரியா? பாத்ரூம் குழாயில் வெள்ளைக் கறை படிந்திருந்தால் போர் தண்ணீர் உப்பு என்று புரிந்துகொள்ளலாம்.

அந்த இடம் எந்த உள்ளாட்சியின் கீழ் வருகிறது என்பதையும் பாருங்கள். பின்கோடு 600 என்று தொடங்கினால் எல்லாம் சென்னை மாநகராட்சி ஆகிவிடாது. தாம்பரம் 2021-ல் தனி மாநகராட்சி ஆனது. குடிநீர், குப்பை, சாக்கடை, தெரு விளக்கு எல்லாவற்றுக்கும் யாரிடம் போய் நிற்பது என்பது இதைப் பொறுத்ததுதான்.

எக்ஸெலில் ஒரு சின்ன வேலை

எல்லா விவரமும் சேர்ந்த பின் எக்ஸெலைத் திறந்துகொள்ளுங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தாலும் போதும். பலர் இங்கே செய்வது, எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டி, அதிக மார்க் வாங்கிய ஏரியாவைத் தேர்ந்தெடுப்பது. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஐந்து விஷயங்களில் ஓர் ஏரியா 5, 5, 5, 5, 1 என்று வாங்குகிறது, கூட்டினால் 21. இன்னொன்று எல்லாவற்றிலும் 4 வாங்கி 20-ல் நிற்கிறது. முதல் ஏரியா ஜெயித்துவிடும். ஆனால் அந்த 1 மார்க், வீட்டுக்குள் வெள்ளம் வருவதற்கு விழுந்தது என்றால்? கூட்டல் அதை மறைத்துவிடும்.

எனவே இரண்டு ஷீட்டாகச் செய்திடுங்கள். முதல் ஷீட்டில் மார்க் கிடையாது, ஆம் - இல்லை மட்டும்தான். வெள்ளம் வராத தெருக்கள் உண்டா? கோடையிலும் தண்ணீர் உண்டா? அவசரத்துக்கு அரை மணிக்குள் ஆஸ்பத்திரி உண்டா? பயணம் வரம்புக்குள் இருக்கிறதா? ஒன்றுக்கு 'இல்லை' வந்தாலும் அந்த ஏரியாவை டெலிட் செய்துவிடுங்கள். மிச்சம் இருப்பவை மட்டும் இரண்டாவது ஷீட்டுக்குப் போகட்டும். அங்கே குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் 10 பாயின்ட் கொடுத்து, தமக்கு வேண்டியதற்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஏரியாவின் மார்க்கை அந்தப் பாயின்டால் பெருக்கி, ஆட்டோசம் பட்டனால் கூட்டினால் முடிந்தது.

எங்கள் வீட்டில் அம்மா நடக்கிற தூரத்தில் டாக்டருக்கு 4, கடைக்கும் கோயிலுக்கும் 4 கொடுத்துவிட்டு, மீதி 2-ஐ "பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கணும்" என்று எழுதச் சொன்னார்கள். எந்த இணைய தளத்திலும் அப்படி ஒரு ஃபில்டர் இல்லை! ஆஃபீஸ் பக்கத்து ஃபிளாட்டுகள் என் ஒருவனின் பாயின்டில்தான் ஜெயித்தன. மொத்தத்தில் மேலே வந்தது குரோம்பேட்டை. எலக்ட்ரிக் டிரெயின், அரசு ஆஸ்பத்திரி, மார்க்கெட், நிறைய ஸ்கூல்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. தாழ்வான தெருக்கள் அங்கும் உண்டு என்பதால் அவற்றை மட்டும் ஒதுக்கினோம். தினமும் ரேடியல் ரோட்டில் போய்வருவது எனக்குச் சிரமம்தான். ஆனால் நான் இல்லாத பத்து மணி நேரமும் வீட்டில் யாரும் என் போனுக்காகக் காத்திருப்பதில்லை.

கம்ப்யூட்டர் நிற்கும் இடம்

இவ்வளவும் கம்ப்யூட்டர் செய்யும். ஆனால் அதன் வேலை, இருபது ஏரியாவை மூன்றாகக் குறைப்பது வரைதான். அந்த மூன்றையும் காலால் நடந்துதான் பார்க்க வேண்டும். வேலை நாளில் காலை எட்டு மணிக்கு ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை, முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒரு முறை. அம்மாவையும் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கண்ணில் படுவது நம் கண்ணில் படாது.

புரோக்கரையும் வீட்டுக்காரரையும் கேட்பதைவிட, தெருமுனையில் இஸ்திரி போடுபவரைக் கேளுங்கள். "அண்ணே, 2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்றால் சுவரில் கை வைத்துக் காட்டுவார். மளிகைக் கடையில் கோடைக்காலத் தண்ணீர் பற்றிக் கேளுங்கள். ஆட்டோ ஸ்டாண்டில், "மழை பெய்தால் இந்தத் தெருவுக்குள் வருவீர்களா?" என்று கேளுங்கள். கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு "டோக்கன் அட்வான்ஸ் அனுப்புங்கள், க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்று யார் சொன்னாலும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைவது, கிச்சன் பெரிதாக இருப்பது எல்லாம் குடிபோன இரண்டாவது மாதத்தில் மறந்துபோகும். தெரு மட்டும் தினமும் கூடவே இருக்கும். எனவே இந்த வாரமே எக்ஸெலில் அந்த இரண்டு ஷீட்டுகளைத் தயார் செய்யுங்கள். மவுஸைப் பிடிப்பது நீங்களாக இருக்கலாம். பாயின்ட் போடுவது வீட்டில் உள்ள எல்லோருமாக இருக்கட்டும்.